மூணாம் முறைக் காய்ச்சல்

ஆறுமுகத்தாய்க்கு இருபத்தைந்து வயது முடிய இன்னும் ஐந்து மாதம்தான் இருந்தது. இந்தக் கணக்கு அவளுக்கு அத்துப்படி. சயான் பக்கத்தில் அவள் ஆயாவாக வேலை பார்த்த தர்ம ஆஸ்பத்திரியில், உதவி நர்ஸ் வகுப்புக்கு இருபத்தைந்து தாண்டி ஒரு நாள் ஆனாலும் சேர்க்க மாட்டார்கள். போன வருஷம் பரீட்சைக்குப் போய்க் கோட்டை விட்டாயிற்று. இந்த வருஷமும் விட்டால் சாகிற மட்டும் ஆயாதான்.

ஆயா என்றால் கட்டிலுக்கு அடியில் குனிய வேண்டும், பானை எடுக்க வேண்டும், பக்கெட் தூக்க வேண்டும். அதில் கேவலம் ஒன்றும் இருப்பதாக அவள் நினைக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் வேறு விஷயத்தில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒன்பதாம் கட்டில் கிழவருக்கு மூத்திரம் இறங்கவில்லை என்று விடிந்தும் விடியாமலும் போய்ச் சொன்னாள். "ஆயா, நீ உன் பக்கெட்டைப் பார்" என்றாள் நர்ஸ். சாயங்காலம் டாக்டர் வந்து கிழவரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலையிலேயே ஏன் எழுதி வைக்கவில்லை என்று வார்டே அதிரக் கத்தினார். ஆறுமுகத்தாய் பக்கெட்டும் கையுமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று மாட்டுங்கா லேபர் கேம்பில் இருந்த வீட்டுக்கு வந்ததும் புருஷன் நம்பிராஜனிடம் சொன்னாள். "எனக்குத் தெரியுது. ஆனா நான் சொன்னா அது அட்டையில ஏற மாட்டேங்கு. நானே எழுதுத எடத்துக்குப் போவணும்."

நம்பிராஜன் ரயில் ஒர்க்‌ஷாப்பில் பிட்டருக்குக் கையாள். நல்ல மனுஷன்தான். ஆனால் எந்தக் காரியத்துக்கும் முதலில் "எதுக்கு?" என்று கேட்கிற ரகம். அன்றும் அதைத்தான் கேட்டான். பதிலுக்கு அவள் மனு போட்டாள்.

போன வருஷப் பரீட்சையில் நோயாளியின் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். கட்டிலின் கால்மாட்டில் அவளே தினமும் தூசி தட்டி மாட்டுகிற அட்டை. ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் எழுத்து தெரியும். எழுத்தைக் கூட்டினால் ஏதோ சத்தம் வந்ததே தவிர அர்த்தம் வரவில்லை. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, போதும் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து அழுதாளா என்றால் இல்லை. அடுத்த வருஷம் எப்போது வைப்பார்கள் என்று வாசல் பியூன் கரீம் பாட்சாவிடம் விசாரித்துவிட்டுத்தான் வார்டுக்குப் போனாள்.

அடுத்த வருஷம் என்பது ஜப்பான்காரன் சரணடைந்து சண்டை ஓய்ந்த வருஷம். பட்டாளத்துக்குப் போன நர்ஸுகள் இன்னும் திரும்பி வரவில்லை. அதனால் கலியாணம் ஆனவர்களும் மனு போடலாம் என்று சண்டைக் காலத்தில் தளர்த்திய விதியைக் கமிட்டி இன்னும் அப்படியே வைத்திருந்தது. இடம் மட்டும் ஒன்றே ஒன்று.

அந்த ஒரு இடத்துக்கு மனு போட்டவர்களில் ஷ்யாமளாவும் ஒருத்தி. வெளி நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிற பெண். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாட்டுங்காவில் மாடி வீடு, அப்பாவுக்குக் கோட்டைப் பக்கம் ஆபீஸ் உத்தியோகம். மெட்ரிக் தேறியவள், வயது இருபது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சீட்டு எழுதுவதே வீட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை, நர்ஸ் வேலை என்றதும் பட்டினி கிடக்காத குறை. "கெடைச்சுதுன்னா போறேன், கெடைக்கலேன்னா நீங்க சொல்ற ஆளுக்குக் கழுத்தை நீட்டறேன்" என்று அப்பாவிடம் பந்தயம் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

அவளுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. வார்டு வேலைதான் விஷம். ஜூலையில் ஒரு நாள் மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு ஆண்கள் வார்டுக்குள் வந்து நின்றாள்.

"ஆறுமுகத்தாய், ஆளைக் கீழே எறக்காமலே பெட்ஷீட் மாத்தணுமாமே பரீட்சையில. அது எப்படி முடியும்?"

"முடியும். நான் சொல்லித்தாரேன். நீங்க எனக்கு இங்கிலீஷ் வார்த்தை சொல்லித் தாங்க."

ஐந்து வயது இளையவள் "நீ" என்பதும் மூத்தவள் "நீங்க" என்பதும் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் உறுத்தியதில்லை, ஆறுமுகத்தாய் ஒருத்தியைத் தவிர. ஆனால் காரியம் பெரிதா வீம்பு பெரிதா என்றால் அவளுக்குக் காரியம்தான்.

ஷ்யாமளா கெட்டிக்காரி. மூன்று மாதத்தில் இங்கிலீஷ் பூராவும் ஏறாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "நீ நம்பரை மட்டும் பிடிச்சுக்கோ. வைத்தியத்துல பாதி வார்த்தைக்கு முன்னாடி ஒரு நம்பர் ஒட்டிண்டு நிக்கும். அந்தத் தலையைத் தெரிஞ்சுண்டா ஒடம்பைப் பாதி ஊகிச்சுடலாம். க்ரீக்காரன் நம்பர் ஒரு வரிசை, லத்தீன்காரன் நம்பர் ஒரு வரிசை. ரெண்டும் வேணும்."

ஒரே பிள்ளைக்கு அப்பா வீட்டில் ஒரு பெயர், அம்மா வீட்டில் ஒரு பெயர் இருப்பதுபோல என்று ஆறுமுகத்தாய் எடுத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரியின் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஷ்யாமளா சொல்வாள், இவள் திருப்பிச் சொல்வாள். எழுதிப் படிக்க அவளுக்கு நேரம் ஏது? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வார்டில் இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கட்டில். இடது வரிசையை கிரேக்கக்காரனுக்குக் கொடுத்தாள், வலது வரிசையை லத்தீன்காரனுக்கு. ஈரத் துணியோடு இடது பக்கம் தரை துடைத்துக்கொண்டே போவாள்: மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பெண்டா, ஹெக்ஸா, ஹெப்டா, ஆக்டா, என்னியா, டெகா. கோடியில் பக்கெட்டைத் திருப்பிக்கொண்டு வலது பக்கம் துடைத்துக்கொண்டே வருவாள்: யூனி, பை, டெர், குவார்ட், குவின், செக்ஸ், செப்ட், ஆக்ட், நோன், டெசி. ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைக்க வேண்டும், மூன்று தடவையும் பாடம். நோயாளிகள் வேடிக்கை பார்த்தார்கள். சில பேருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "ஆயா, டெட்ராவுக்குத் தண்ணி வேணுமாம்" என்று பக்கத்துக் கட்டில்காரர் குரல் கொடுப்பார்.

தரை சுத்தமானது போலவே வார்த்தைகளும் ஒவ்வொன்றாகத் துலங்க ஆரம்பித்தன. பி.டி. என்று மருந்துச் சீட்டில் கிறுக்கியிருந்தால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, க்யூ.டி.எஸ். என்றால் நாலு வேளை. புஜத்தில் முன்பக்கச் சதைக்கு இரண்டு தலை, அதனால் பைசெப்ஸ். பின்பக்கத்துக்கு மூன்று தலை, ட்ரைசெப்ஸ். தெரிந்த சதைதான், எத்தனை பேருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள். பெயர் தெரிந்ததும் தன் கையையே தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கேள்வியும் கேட்டாள். "செப்ட்னா ஏழுங்கீங்க. செப்டம்பர் ஒம்பதாம் மாசம்லா?"

"அந்தக் காலத்துல ரோமாபுரியில வருஷம் மார்ச்சுலதான் பொறக்குமாம். அங்கேருந்து எண்ணு."

மார்ச், ஏப்ரல் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். செப்டம்பர் ஏழில் வந்து நின்றது. "அப்ப எங்கேருந்து தொடங்குதோம்கதுதான் விசயம்" என்றாள்.

ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்ததும் ஒரு சஷ்டி வந்தது. சஷ்டி தவறாமல் அவளுக்கு விரதம். அன்று வலது வரிசை ஆறாம் கட்டிலுக்கு அடியில் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு, செக்ஸ், சஷ்டி. ஏழு, செப்ட், சப்தமி. ஆக்ட், அஷ்டமி. நோன், நவமி. டெசி, தசமி. பெண்டாவுக்குப் பஞ்சமி. மத்தியானம் படியில் இதைச் சொன்னபோது ஷ்யாமளா வாயைப் பிளந்தாள்.

"எங்காத்துல அப்பா தெனம் பஞ்சாங்கம் வாசிக்கறார். எனக்குத் தோணவே இல்லையே! நீ சாமானியப்பட்டவ இல்லை. உன் பேர்லயே ஹெக்ஸா இருக்கு, ஆறு முகம்!"

அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் போட்டி என்பது அந்தச் சிரிப்பில் மறந்தே போயிற்று. படுத்திருக்கிறவரைப் பக்கவாட்டில் புரட்டி, பழைய துப்பட்டியைச் சுருட்டி, புதியதை விரித்து, மறுபடி இந்தப் பக்கம் புரட்டுவதை ஷ்யாமளாவும் அதற்குள் நன்றாகவே பழகிக்கொண்டிருந்தாள். கைக்குட்டை எப்போதோ இடுப்புக்குப் போய்விட்டது.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் வினை வந்தது.

இடது வரிசை ஐந்தாம் கட்டிலில், அதாவது பெண்டாவில், பூலோகம் என்று ஒருவர். தாராவித் தோல் கிடங்கில் வேலை பார்க்கிறவர். திங்கட்கிழமை குளிர் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை எழுந்து உட்கார்ந்து கதை பேசினார். புதன்கிழமை மறுபடி கட்டில் ஆடுகிற ஆட்டம். வியாழக்கிழமை ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பல்லைக் கிட்டித்துக்கொண்டு "ஏ தாயி, போத்து, போத்து" என்றார். மூன்று கம்பளியைப் போட்டு, அதற்கு மேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள் ஆறுமுகத்தாய். ஆட்டம் அடங்கியதும் அவர் அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டினாள். பெனைன் டெர்ஷியன். டெர் என்றால் மூன்று. அட்டையை யாருடைய உதவியும் இல்லாமல் வாசித்த பூரிப்பு அவளுக்கு.

மத்தியானம் படியில் அதைக் கேட்டாள். "டெர்ஷியன் காய்ச்சல்னா என்னம்மா?"

"மலேரியாவாக்கும். டெர் மூணுதானே? மூணு நாளைக்கு ஒரு தடவை வரும். திங்கட்கிழமை வந்தா அடுத்தது வியாழக்கிழமை. இதைக் கட்டாயம் கேப்பா, மறந்துடாதே." ஷ்யாமளா இதைத் துளி சந்தேகம் இல்லாமல் சொன்னாள்.

திங்கள், புதன், வெள்ளி. ஆறுமுகத்தாயின் கையில் அந்தக் கம்பளியின் சொரசொரப்பு இன்னும் இருந்தது. வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வார்டு மணி அடித்தது. ஷ்யாமளா எழுந்து போய்விட்டாள், இவளும் போய்விட்டாள்.

மணி அடித்ததனால்தான் சொல்லவில்லை என்று அவள் பிற்பாடு யாரிடமும் சாக்குச் சொன்னதில்லை. ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

சாயங்காலம் வீட்டில் அடுப்பு மூட்டும்போதும் அவள் மண்டைக்குள் அதுவே குடைந்தது. மூன்று என்று பெயர் வைத்துவிட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் என்ன கணக்கு? வைத்தியப் புத்தகக்காரனுக்கு எண்ணத் தெரியாதா? அப்போது நம்பிராஜன் கால் கழுவிக்கொண்டே சொன்னான். "அண்ணன் ஊருலேருந்து காயிதம் போட்டிருக்கான். இன்னைக்கு மூணா நாள் வாரானாம்."

"மூணா நாள்னா?"

"என்னளா கேள்வி? ஞாயித்துக்கெழம."

வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. விறகை அப்படியே கீழே போட்டாள். ஊரில் அவளுடைய அம்மை இந்தக் காய்ச்சலுக்கு மூணாம் முறைக் காய்ச்சல் என்றுதானே சொல்வாள்? காய்ச்சல் வந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணிக்கை. பிள்ளை பிறந்தால் பிறந்த நாளையும் சேர்த்துத்தானே பதினாறு எண்ணுகிறோம்? லத்தீன்காரனும் அப்படித்தான் எண்ணியிருக்கிறான். இங்கிலீஷ் படித்த பிள்ளை இன்றையை விட்டுவிட்டு நாளையிலிருந்து எண்ணிவிட்டது.

சந்தோஷம் தாங்காமல் நம்பிராஜனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா?" என்றான்.

"தெரியாது. தப்பா வச்சிருக்கா."

"அப்ப வாயப் பொத்திக்கிட்டு இரு. அதுக்கு எல்லாம் தெரியும், ஒனக்கு இது ஒண்ணு தெரியும். ஒனக்கு இதான் கடேசித் தடவ. அது சின்னப் புள்ள, அடுத்த வருசமும் எழுதும்."

ஆறுமுகத்தாய்க்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது அத்தனையும் மத்தியானத்திலிருந்து அவளே தனக்குள் சொல்லிக்கொண்டதுதான். தன் நெஞ்சுக்குள் இருக்கும்போது நியாயமாகத் தெரிந்தது, இன்னொருத்தர் வாயில் வந்ததும் கேவலமாக இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை அவள் வாயைத் திறக்கவில்லை. ஷ்யாமளாவின் சீட்டு மேஜைப் பக்கமே போகாமல் சுற்று வழியாக வார்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நம்பிராஜனின் அண்ணனுக்குச் சமைக்கக் காய் வாங்க மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனாள். லேபர் கேம்பிலேயே காய் கிடைக்கும். அங்கே போகக் காரணம் காய் இல்லை என்று அவளுக்கே தெரியும். ஷ்யாமளாவின் வீட்டுக்கு எதிரே போய் நின்றாள். இரண்டாம் மாடி பால்கனியில் அவள் புத்தகமும் கையுமாக நடந்துகொண்டிருந்தாள். கீழே பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"என்ன ஆறுமுகத்தாய்? ஏதாவது சந்தேகமா?"

இதோ, இதுதான் சமயம். சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும். இடம் போய்விடும். ஆறுமுகத்தாய் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. காய் வாங்க வந்தேன். நல்லாப் படிங்க."

"நீயும்! குவார்ட்டன் காய்ச்சலும் கேப்பா, அது நாலு. க்யூ.டி.எஸ்.ஸை மறந்துடாதே. தைரியமா பேசு, மென்னு முழுங்காதே, கேட்டியா!" தெருவே திரும்பிப் பார்க்கும்படி மேலேயிருந்து கத்தினாள்.

போட்டிக்காரிக்குப் பால்கனியிலிருந்து பாடம் சொல்கிறவளை என்ன செய்வது? ஆறுமுகத்தாய் விடுவிடென்று நடந்தாள். வாங்கிய கத்தரிக்காயில் பாதி சொத்தை. அதைக்கூட வீட்டுக்கு வந்துதான் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலையில் கைவேலைப் பரீட்சை. இரண்டு பேரும் பிசிறில்லாமல் செய்தார்கள். மற்ற ஐந்து பேரில் ஒருத்தி நோயாளியைக் கட்டிலிலிருந்து உருட்டவே பார்த்தாள். பதினொரு மணிக்கு வாய்ப் பரீட்சை. டாக்டர் ரோஷன் என்ற பார்ஸி அம்மாளும் மேட்ரனும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ரோஷன் என்றால் பெரிய டாக்டர்களே தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசுவார்கள். வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் மனுப் போட்ட வரிசைப்படி ஏழு பேர். ஆறாவது ஷ்யாமளா, ஏழாவது ஆறுமுகத்தாய். உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக முகம் தொங்கி வெளியே வந்தார்கள்.

கரீம் பாட்சா கதவைத் திறந்து ஷ்யாமளாவின் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, ஆறுமுகத்தாயின் தோளை ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்தத் தட்டில் ஆறுமுகத்தாய் மூன்று நாளாகக் கட்டி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்தது. ஷ்யாமளாவின் கையை எட்டிப் பிடித்தாள்.

"டெர்ஷியன் மூணு நாளைக்கு ஒருக்க இல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள். திங்க, புதன், வெள்ளி. நான் பாத்தேன், பூலோகத்துக்கு."

"வெள்ளிக்கிழமை நான் சொன்னபோது..."

"தெரியும். சொல்ல மனசு வரல."

ஷ்யாமளாவின் முகம் சிவந்தது. கையை உருவிக்கொண்டாள். "சலோ, ஜல்தி" என்றார் கரீம் பாட்சா. கதவு மூடிக்கொண்டது.

ஆறுமுகத்தாய் பெஞ்சில் உட்கார்ந்தாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். நம்பிராஜனிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றும் ஒரு நிமிஷம் நினைத்தாள். அது பொய்யில்லை, நினைக்கத்தான் செய்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோனோ, டை, ட்ரை என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். இடம் போனாலும் போகட்டும், போன வருஷம் மாதிரி அட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு மட்டும் இந்தத் தடவை கூடாது.

பத்து நிமிஷம் கழித்து ஷ்யாமளா வெளியே வந்தாள். நேரே படிக்கட்டுப் பக்கம் நாலு எட்டு நடந்தாள். நின்றாள். திரும்பி வந்து குனிந்து, காதோடு கேட்கிற குரலில் சொன்னாள்.

"டெர்ஷியன் கேட்டா. நீ சொன்னதைச் சொன்னேன், சரிங்கறா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரதுக்கு எதுக்கு மூணுன்னு பேருன்னு அடுத்த கேள்வி. எனக்குச் சொல்ல வரலை. உன்னையும் கேப்பா. யோசிச்சுக்கோ."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

உள்ளே டாக்டர் ரோஷன் ஒரு மருந்துச் சீட்டை நீட்டினாள். ஆறுமுகத்தாய் வாசித்தாள். க்யூ.டி.எஸ்., நாலு வேளை. அடுத்து ஒரு அட்டை வந்தது, அதையும் வாசித்தாள். இடையிடையே தடுக்கியது, ஆனால் நிற்கவில்லை. ட்ரைசெப்ஸ் எங்கே என்றதற்குத் தன் கையையே திருப்பிக் காட்டினாள். மேட்ரன் லேசாகச் சிரித்தாள், டாக்டர் சிரிக்கவில்லை.

"டெர்ஷியன் காய்ச்சல்?"

"ஒன் டே ஃபீவர், ஒன் டே நோ ஃபீவர், டாக்டர்."

"டெர்ஷியன் என்றால் மூன்றாவது. உன் கணக்கில் இரண்டுதானே வருகிறது? இங்கே மூன்று எங்கிருந்து வந்தது?"

ஆறுமுகத்தாய் இடது கையை நீட்டினாள். கட்டை விரலைச் சுண்டு விரலின் முதல் கணுவில் வைத்தாள்.

"மண்டே, ஃபீவர். மண்டே ஆல்சோ கவுண்ட், டாக்டர். ஒன்." அடுத்த கணு. "ட்யூஸ்டே, டூ." மூன்றாவது கணு. "வெட்னஸ்டே, த்ரீ. ஃபீவர் கம்." பிறகு யாரும் கேட்காமலே தொடர்ந்தாள். "குவார்ட்டன் ஃபீவர் ஆல்சோ ஸேம். மண்டே ஒன், தர்ஸ்டே ஃபோர். டூ டேஸ் நோ ஃபீவர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். இதை எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டாள்.

"புக் நோ, டாக்டர். அவர் பீப்பிள் கவுண்ட் லைக் திஸ்."

"ரோமாபுரிக்காரர்களும் அப்படித்தான் எண்ணினார்கள்" என்றாள் டாக்டர் ரோஷன் மேட்ரனைப் பார்த்து. "காலையிலிருந்து ஏழு பேரைக் கேட்டேன். ஒருத்தர்தான் சொல்லியிருக்கிறார்."

நாலு மணிக்கு கரீம் பாட்சா பலகையில் காகிதத்தைக் குத்தினார். அதில் ஒரே ஒரு பெயர். ஆறுமுகத்தாய் அதை எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில் வாசித்தாள். "சிஸ்டர், மிட்டாய் எப்போ?" என்றார் கரீம் பாட்சா. ஆறு வருஷத்தில் அந்த மனிதர் அவளை "ஏ ஆயா" என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஷ்யாமளா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஆறுமுகத்தாய் இரண்டு படி கீழே போய் நின்றாள்.

"ஏன் மூணுன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?" என்றாள் ஷ்யாமளா.

"வெள்ளிக்கெழம சாயங்காலம்."

"அப்பவே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு நாள் இருந்திருக்கும். நேத்திக்குப் பால்கனிக்குக் கீழே வந்து நின்னியே, அப்போ சொல்லியிருந்தாக்கூட ஒரு நாள் இருந்திருக்கும். கதவைத் திறக்கறபோது பாதி சொன்னே. மீதியை உன்கிட்டயே வச்சுண்டே."

கதவு திறக்கிற நேரத்தில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது என்று சொல்லலாம். உனக்கு அடுத்த வருஷம் இருக்கிறது, எனக்கு இல்லை என்று சொல்லலாம். எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அவளுக்குத் தெரிந்தவரை எல்லாம் நிஜமும்கூட. ஆறுமுகத்தாய் அவற்றை விழுங்கினாள்.

"ஆமா. முன்னாலயே சொல்லியிருந்தா இந்த எடம் ஒங்களுக்குத்தான்."

மறுப்பாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, ஷ்யாமளா நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ எனக்கு விட்டுக் குடுத்துடுவியா?"

"மாட்டேன்."

அதைச் சொல்லும்போது ஆறுமுகத்தாய்க்கு வெட்கமாக இருந்தது. குரல் மட்டும் ஆடவில்லை.

ஷ்யாமளா எழுந்து புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன், கேட்டியா" என்று சொல்லிவிட்டு, வாசலைப் பார்க்க நடந்தாள்.

ஆறுமுகத்தாய் படியிலேயே நின்றாள். அது உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். நாலு எட்டுப் போனவள் திரும்பி வந்து, குனிந்து, கேள்வியைக் காதில் சொல்லிவிட்டுத்தானே போனாள்.